மூன்று இலைப் பற்றை

அந்தப் பற்றையை நான் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கிழமைக்குள். அதற்குப் பிறகு போய்ப் பார்க்கவில்லை.

ஒரு ஆள் உயரம் வரும். தண்டு மெல்லியது. கணுவுக்குக் கணு மூன்று இலை. இலை ஓரம் முழுக்கப் பல்லு. இளம் இலை செம்பு நிறம். கொப்பின் நுனியில் தண்டைச் சுற்றிக் கொத்தாகப் பூ. வெள்ளை, அதற்குள் கொஞ்சம் ரோசா நிறம். சிட்னிக்கு மேற்கே இருக்கிற மலைகளில், அதுவும் தண்ணீர் சொட்டுகிற பாறைகளில் மட்டும் நிற்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதற்கு ஒரு நீண்ட பெயர் உண்டு, எனக்கு வாயில் வராது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. கண்ட அன்று எங்களுக்கு அது வில்வமாகத் தெரிந்தது. எங்களுக்கு என்றால் அம்மாவுக்கு.

நாங்கள் அப்போது மெரிலேண்ட்ஸில் இருந்தோம். அடுக்குமாடியில் கீழ் வீடு. அப்பா, அம்மா, நான். படகில் வந்த ஆட்கள். அப்பா கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தார். விசா தற்காலிகம். எந்தச் சட்டத்தையும் மீறமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டிருந்தார்கள். அப்பா அந்தக் கையெழுத்தை ஒருநாளும் மறக்கவில்லை. ரோட்டில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் பச்சை லைட் விழும்வரை கரையில் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் கடந்து போவார்கள். அப்பா நிற்பார். வீட்டில் சாம்பிராணி போட்டால் புகை மணி அடித்துவிடும் என்று யன்னலைத் திறந்து துவாயால் விசுக்கிக்கொண்டு நிற்பார். வீட்டில் ஆங்கிலம் ஓடுகிற ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்பு. டொக்டரிடம் போனாலும் வீட்டுக்காரன் வந்தாலும் நான்தான் நடுவில் நிற்கவேண்டும்.

அந்தக் கார்த்திகையில் அப்பாவுக்கு இமிகிரேஷன் நேர்முகம் வந்தது. நாங்கள் இங்கே இருப்பதா, திரும்பிப் போவதா என்பது அதில்தான் இருந்தது. அம்மா சோமவாரம் பிடித்தார். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் சிவனுக்கென்று பிடிக்கிற விரதம் அது. ஒருநேரச் சாப்பாடு. வில்வ இலையால் அருச்சனை.

வில்வத்துக்கு எங்கே போவது? கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி வீட்டில் தொட்டியில் ஒரு கன்று நின்றது. கேட்கிற எல்லாருக்கும் கொடுத்துக் கொடுத்து அது மொட்டையாகிவிட்டது. பிறகு அன்ரி கதவு திறக்கிறதில்லை. அம்மாவிடம் மிஞ்சியது ஒரு பிடி இலை. வில்வத்தைச் சாத்திவிட்டுக் கழுவித் திரும்பவும் சாத்தலாம், குற்றமில்லை. அம்மா கழுவிக் கழுவிச் சாத்தினார். கடைசியில் அது தட்டிலேயே தூளாகிவிட்டது. நேர்முகத்துக்கு முதல் இன்னும் ஒரு சோமவாரம் கிடந்தது. அம்மாவுக்கு நித்திரை இல்லை.

ஞாயிறு காலை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. படிப்புக்கென்று முன்னமே வந்து நிரந்தரமாகிவிட்டவர். அவருக்கு இந்த நாட்டில் எதிலும் பயமில்லை. கண்ட ஆட்களோடெல்லாம் கதைப்பார். பெற்றோல் அடிக்கிற இடத்திலும் கதைப்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது.

"அத்தான், வீட்டுக்குள்ள இருந்து இருந்து மூஞ்சி கறுத்துப் போச்சு. மலைக்குப் போவம், வாங்கோ. தண்ணி விழுறதைப் பாத்தா மனம் ஆறும்."

"போகலாமோ?" என்று அப்பா கேட்டார். விருப்பத்தில் கேட்கவில்லை. அனுமதி இருக்கிறதோ என்று கேட்டார்.

"மலைக்கு விசா தேவையில்லை அத்தான். ஏறுங்கோ."

அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டினார். சாப்பாடு பழுதாகாமல் வைக்கிற மாமாவின் எஸ்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனோம். இறக்கத்தில் படிகள். வழி நெடுகப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் அப்பா என்னை நிறுத்தி வாசிக்கச் சொன்னார். ஒன்றில் பாதையை விட்டு விலகவேண்டாம் என்று இருந்தது. அதை வாசித்ததும் அப்பா அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் இருந்துவிட்டார். எஸ்கிப் பெட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா அதற்குள் கீழே போய்விட்டார். பலகையில் இருந்தது அம்மாவுக்கு எட்டவில்லை.

அருவிக்குக் கீழே தண்ணீரில் பிள்ளைகள் சப்பாத்தோடு இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கால் கழுவவேண்டும். சப்பாத்து விழுந்த தண்ணீரில் கழுவ மனமில்லை. பெரிய கல்லொன்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் பின்னால் போனேன். அங்கே வெயில் இல்லை. பாறையிலிருந்து தண்ணீர் நூல் நூலாகச் சொட்டியது. அதற்குக் கீழே அந்தப் பற்றை நின்றது.

அம்மா நின்றுவிட்டார்.

"பிள்ளை, இலையை எண்ணு."

"மூண்டு."

"அடுத்ததை?"

"அதும் மூண்டு."

எந்தக் கணுவைப் பார்த்தாலும் மூன்றுதான். ஊரை விட்டு வந்த பிறகு அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் கண்டதில்லை.

மாமா வந்து பார்த்தார். ஒரு இலையை விரலால் தடவினார்.

"அக்கா, இது வில்வமில்லை. பல்லுப் பல்லாய் இருக்கு, வாள் மாதிரி."

"சிவன் பல்லை எண்ணிப் பாத்தே எடுக்கிறவர்?"

"மணமும் இல்லையே."

"இந்த நாட்டு வில்வம் இந்த நாட்டு ஆக்கள் மாதிரித்தான் இருக்கும். நீ தள்ளி நில்."

வில்வத்தைத் திங்களில் ஆயக்கூடாது. முதல்நாளே ஆய்ந்து வைக்கவேண்டும். அன்று ஞாயிறு. அதுவும் பொருந்திவிட்டது. அம்மா சொட்டுகிற தண்ணீரில் கையை அலம்பினார். பற்றையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு பூவும் இலையுமாகச் சில கொப்புகளை முறித்து ஈரத் துவாயில் சுற்றினார். ஒரு சின்னப் பூக்கொத்தை என் தலையில் செருகிவிட்டார்.

மேலே ஏறி வந்தோம். அப்பா இருந்த வாங்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மனுசி நின்றார். வயது போனவர். பெரிய தொப்பி, கழுத்தில் கமெரா. எங்களைக் கண்டு சிரித்தார். பிறகு என் தலையைக் கண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கே எடுத்தது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. என் தலைக்குக் கிட்டக் கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார். மாமா வழக்கம் போலச் சிரித்து, வடிவான பூ என்ன, என்றார். மனுசி அம்மாவின் துவாயை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். இதைத் தேடி இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பல வருடமாக நடந்திருக்கிறேன், இங்கே அழிந்துவிட்டது என்றல்லவா நினைத்தோம் என்றார்.

அப்பா எழும்பி நின்றார். "என்னவாம்?"

"இது உலகத்திலேயே இந்த மலையில மட்டும்தானாம். இதை முறிக்கக் கூடாதாம். சட்டத்துக்குப் பிழையாம்," என்றேன்.

"இஞ்ச மட்டும்தானாமோ?" அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னனான்தானே."

அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. அப்பாவுக்கு மற்றப் பாதி கேட்டது.

மனுசி படம் எடுத்தார். பூவை எடுத்தார், துவாயை எடுத்தார். எங்களையும் எடுத்தாரோ தெரியாது. அப்பா எடுத்தார் என்றே சொல்லுவார். பூங்காவைப் பார்க்கிற ஆட்களிடம் சொல்லவேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள், எங்கே வரலாம் என்று கேட்டார். மாமா தன்னுடைய போன் நம்பரைக் கொடுத்தார். எங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது புட்டு அப்படியே கிடந்தது. மாமா பாட்டுப் போட்டார். அப்பா நிற்பாட்டினார்.

"நீ அட்ரஸைக் குடுத்தனீ."

"கேட்டா, குடுத்தன்."

"உன்ர அட்ரஸைக் குடுத்திருக்கலாம்."

"கொப்பு உங்கட வீட்டிலதானே அத்தான் இருக்கப்போகுது? என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

அப்பா கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொப்புகளைக் குப்பையில் போடச் சொன்னார். அம்மா துவாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தார்.

"சாமிக்கெண்டு எடுத்ததைக் குப்பைக்குள்ள போடுறதோ? அதுவும் நேர்முகத்துக்கு முதல்?"

எரிக்கலாம் என்றார் அப்பா. புகை மணி இருந்தது. ஓடையில் விடலாம் என்றார் அம்மா. ஓடைக்கரையில் குப்பை கொட்டினால் தண்டம் என்ற பலகையை நானே அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். மண்ணில் புதைக்கலாம் என்றால் மண் வீட்டுக்காரனுடையது. எதைச் செய்வதற்கும் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. கொப்புகள் சாமித் தட்டிலேயே இருந்தன.

திங்கள் விடிய அம்மா முழுகி, ஒவ்வொரு மூன்று இலையாகச் சாத்தினார். வேலைக்குப் போக முதல் அப்பாவும் வந்து கும்பிட்டார். வழக்கத்தை விடக் கனநேரம் நின்றார்.

அடுத்தநாள் மாமா போன் எடுத்தார். பூங்கா ஆட்கள் புதன் பின்னேரம் வருகிறார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம், பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சொல்லவில்லை என்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூட உடுப்பு மாற்றமுன்னம் வாகனம் வந்து நின்றது. வெள்ளை வாகனம். அம்மா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். இரண்டு பேரும் சீருடை. ஆண் வாகனத்தோடு நின்றுகொண்டார். பெண்தான் ரேஞ்சர். இளம்பிள்ளை. முகம் முழுக்கப் புள்ளி. வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டு தன்னுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்த முதல் ஆள் அவர்தான்.

கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. நான் நடுவில் நின்றேன்.

கொப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா குசினிக்குள் போய்ச் சாமித் தட்டை அப்படியே கொண்டுவந்தார். இலைகளில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ரேஞ்சர் கொஞ்சநேரம் பார்த்தார். கையுறை போட்டு ஒரு கொப்பை எடுத்துப் பிளாஸ்ரிக் பையில் வைத்தார்.

அம்மா என்னைச் சுரண்டினார். "குளிச்சுப்போட்டோ வந்தவ எண்டு கேள்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

யார் முறித்தது என்று ரேஞ்சர் கேட்டார்.

அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. கேள்வி அவருக்கு விளங்கியிருந்தது. "நான்தான் எண்டு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார். என் அப்பா என்று சொன்னேன்.

ரேஞ்சரின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் அவர் எங்களோடு வந்து அந்த இடத்தைக் காட்டுவாரா என்று கேட்டார். நல்ல மாதிரித்தான் கேட்டார்.

"அப்பா, அவையோட வந்து இடத்தைக் காட்டட்டாம்."

அம்மா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்பா ரேஞ்சரைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற வாகனத்தைப் பார்த்தார்.

"வேற என்ன சொன்னவ?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை. இடத்தைக் காட்டினாக் காணுமாம்."

அப்பா தலையை ஆட்டினார். அறைக்குள் போனார். வெளியே வரும்போது கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டும் சப்பாத்தும் போட்டிருந்தார். கைமணிக்கூட்டைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தார். பேர்ஸை எடுத்து அதன்மேல் வைத்தார். என்னுடைய தலையை ஒருமுறை தடவினார்.

"போட்டு வாறன்," என்றார்.

பிறகு ரேஞ்சருக்கு முன்னால் வந்து நேராக நின்றார்.

ரேஞ்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் அப்பா எங்கே போகிறார் என்று என்னைக் கேட்டார். நான் அப்பாவைக் கேட்டேன். "அவையோடதான்," என்றார். ரேஞ்சர் கையை ஆட்டினார். இல்லை, இன்றைக்கு இல்லை, சனிக்கிழமை வசதியென்றால் வரட்டும், உங்கள் காரிலேயே வரலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு நிலத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

எங்கள் அலுமாரியில் பெரியப்பாவின் படம் ஒன்று இருந்தது. அப்பாவின் அண்ணன். அந்தப் படத்துக்கு மாலை போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றுவார். ஊரில் ஒரு பின்னேரம் சீருடைக்காரர் வீட்டுக்கு வந்து, ஒரு இடத்தைக் காட்டினால் காணும், உடனே கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அப்பா படலையில் நின்று பார்த்திருக்கிறார். வாகனம் திரும்பி வரவில்லை. நான் கல்யாணம் கட்டின பிறகு மாமா இதைச் சொன்னார். அப்பா இன்றுவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை வரும்வரை அப்பா நல்லாக இருந்தார் என்றுதான் எனக்கு அப்போது பட்டது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருத்தினார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பஸ் கார்டை எப்படித் தட்டுவது, எங்கே இறங்குவது என்று காட்டிக்கொடுத்தார். என்னை ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப் போனார். எது வேண்டும் என்று கேட்டு, கேட்டதை வாங்கித் தந்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூ முறித்தால் அப்பா இப்படி ஆகிறார் என்றால் இன்னும் கொஞ்சம் முறிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மாமாவுடன் குசினிக்குள் நின்று ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனதும் நிறுத்திவிட்டார். மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "விசர்க் கதை கதைக்காதேங்கோ அத்தான்," என்றார். மாமாவின் குரல் பகிடிக் குரலாக இருக்கவில்லை.

சனிக்கிழமை போனோம். அம்மாவை வரவேண்டாம் என்று அப்பா சொன்னார். அம்மா காரில் ஏறி இருந்தார். அப்பா என்னையும் விட்டுவிட்டு வரச் சொன்னார். பிள்ளை இல்லாவிட்டால் யார் கதைப்பது என்று மாமா கேட்டார். மாமா தானே நல்ல ஆங்கிலம் கதைப்பார் என்பது அப்பாவுக்கு நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. மாமாவும் அன்று கதைக்க முன்னுக்கு வரவில்லை.

வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் ரேஞ்சரும், அன்று வாகனத்தோடு நின்ற அந்தப் பேசாத ஆளும், தொப்பிக்கார மனுசியும் நின்றார்கள். அப்பாவை முன்னுக்கு விட்டார்கள். அவர் வெள்ளைச் சேர்ட்டோடு படிகளில் இறங்கினார். நாங்கள் எல்லாரும் பின்னால்.

அருவிக்குக் கீழே வந்ததும் அப்பா நின்றார். அவருக்கு இடம் தெரியாது. அந்த ஞாயிறு மேலே வாங்கில் எஸ்கிப் பெட்டியோடு இருந்தவர் அவர். நான்தான் முறித்தேன் என்று சொன்னபோது அதை யோசிக்கவில்லை. கொஞ்சநேரம் பாறைகளைப் பார்த்தார். பிறகு ஒரு செடியைக் காட்டினார்.

"இது."

ரேஞ்சர் குனிந்து பார்த்துவிட்டு, இது பன்னம், பூவே பூக்காத செடி என்றார். சொன்னேன்.

அப்பா இன்னொன்றைக் காட்டினார். அதுவும் இல்லை. குளிர் இடம், அப்பாவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. தொப்பிக்கார மனுசி பேசாத ஆளைப் பார்த்தார். ரேஞ்சர் என்னிடம், அப்பாவுக்கு மறந்துவிட்டதா என்று கேட்டார். அதை அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் நம்புவார்களா? பொய் சொன்னால் நேர்முகத்தில் தெரியுமா? இது மட்டும் எனக்கும் விளங்கியது.

அம்மா செருப்பைக் கழற்றினார். உடுப்பைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பெரிய கல்லைச் சுற்றிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ரேஞ்சர் அம்மாவின் முதுகைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் போனார்.

கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது ஒரு பற்றை இல்லை. அந்த ஞாயிறு நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாறைச் சுவர் நெடுக, தண்ணீர் சொட்டுகிற இடமெல்லாம், மேலே மேலே பூத்துக்கொண்டு நின்றது. தொப்பிக்கார மனுசி ஈரக் கல்லில் அப்படியே இருந்து வாயைப் பொத்திக்கொண்டார். பேசாத ஆள் அன்றுதான் பேசினார். ஒரு சொல். அந்தச் சொல்லை எங்கள் வகுப்பில் சொன்னால் வெளியே அனுப்புவார்கள்.

ரேஞ்சர் முறித்த இடங்களைப் பார்த்தார். தழைக்கும் என்றார். ஏன் முறித்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். இப்போது அம்மாவைத்தான் கேட்டார்.

"சாமிக்கு எண்டு சொல்லு."

எனக்கு அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் அவசரத்தில் வரவில்லை. சேர்ச்சுக்கு என்று சொல்லிவிட்டேன்.

எந்தச் சேர்ச் என்று தொப்பிக்கார மனுசி கேட்டார். குசினியில் இருக்கிறது என்றேன். அவர் அதை விளங்கிக்கொள்ளப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். ஏசுகிறாரா நன்றி சொல்லுகிறாரா என்று தெரியாத மாதிரி நிறையச் சொன்னார். நான் இரண்டையும் சேர்த்து, "இனி முறிக்க வேண்டாமாம், சந்தோசமாம்," என்றேன்.

"விழுந்து கிடக்கிற இலையை எடுக்கலாமோ எண்டு கேள்," என்றார் அம்மா.

கேட்டேன். அதுவும் கூடாது என்றார் ரேஞ்சர். அம்மா தலையை ஆட்டினார். கேட்டதில் பிழையில்லை என்கிற மாதிரி.

வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் என்று ரேஞ்சர் சொன்னார். ஒருவருக்கும் அறிவிக்கப்போவதில்லை. அடுத்த திங்கட்கிழமை நேர்முகத்திலும் இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தானாகச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்களுக்கு அது எதற்கு என்று விளங்கவில்லையாம். விசா பிறகு, கன காலம் கழித்துக் கிடைத்தது.

ஆனால் அன்று அதெல்லாம் தெரியாது. அன்று அப்பா கல்லுக்கு இந்தப் பக்கம், நாங்கள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நின்றார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். ரேஞ்சர் தண்ணீரைத் தாண்டி வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி, நீங்கள் போகலாம் என்றார்.

"போகட்டாம் அப்பா."

அப்பா அசையவில்லை. "திருப்பிக் கேள்."

கேட்டேன். ரேஞ்சர் சிரித்தார். போகலாம் என்றார்.

"எல்லாரும் போகலாமாம்."

"நானும் போகலாமோ எண்டு கேள்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. தொப்பிக்கார மனுசி பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் கேட்டேன். ரேஞ்சர் இந்த முறை சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அப்பா அப்போதும் நின்றார்.

அருவி இரைந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கல்லில் ஏறி, அவருடைய காதுக்குக் கிட்ட வாயை வைத்து, போகலாமாம் என்று கத்தினேன்.